நிரல் நூலகங்கள் வளர்ந்த வரலாறு



மைசூர் நகரில் 1891-ஆம் ஆண்டில் அரசினர் கீழ்த்திசை நூலகம் நிறுவப்பெற்றது. இன்று அது கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் என்னும் பெயருடன் மைசூர்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து விளங்குகிறது. 1905-ஆம் ஆண்டில் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் கொண்டுவந்த பனையோலைச் சுவடி ஒன்று அந்நூலகத்தை அடைந்தது. மொழி வடமொழி, எழுத்தோ தமிழ்நாட்டில் வழங்கிவந்த கிரந்தம். நூலகராக இருந்த ருத்ரபட்டணம் சாம சாஸ்திரியார் அந்த ஏடுகளைப் புரட்டிப் படித்தபோது, மறைந்துபோயிற்று என்று அறிஞர் உலகம் கருதியிருந்த கௌடிலீயரின் அர்த்தசாஸ்திரமே தம் கையில் இருப்பதை உணர்ந்தார். 1909-இல் மூலநூல் அச்சேறியது. 1915-இல் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலாக வெளிவந்தது. சாம சாஸ்திரியாரின் பெயரை உலகம் அறியும். ஏட்டைக் கொண்டுவந்து கொடுத்தவரைப் பெரும்பாலான நூல்கள் "தஞ்சைப் பண்டிதர்" என்ற அளவிலேயே சொல்லி நிறுத்திக்கொள்கின்றன.

இன்று நான் சொல்ல வந்தது ஓலைச் சுவடி நூலகத்தைப் பற்றியன்று. கணிப்பொறி உலகிலும் "நூலகம்" என்றொரு சொல் வழங்குகிறது. ஆங்கிலத்தில் லைப்ரரி என்றே அதனையும் அழைக்கிறார்கள். ஒருவர் எழுதிச் சோதித்து முடித்த நிரலை மற்றவர் இரவலாகப் பெற்றுத் தம் நிரலோடு சேர்த்துக்கொள்வதற்கான சேமிப்பே அது. இரவல் கொடுப்பவர் ஒருவர், பாதுகாப்பவர் ஒருவர், எடுத்துச் செல்பவர் ஒருவர் என்ற முறை இரண்டிற்கும் பொது. கொடுத்தவரின் பெயர் மறைந்துபோகும் குறையும் இரண்டிற்கும் பொதுதான் என்பதைப் போகப் போகக் காண்போம்.

இந்தப் பேச்சுக்கு மைசூரை நான் தேர்ந்துகொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. சிறு கருவி ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு பெருங்காரியம் செய்யும் வழக்கம் இந்த ஊருக்குப் புதியதன்று. 1935-ஆம் ஆண்டில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த எம். வி. கோபாலசாமி அவர்கள் தம் இல்லத்திலேயே ஒரு சிறு வானொலி நிலையத்தை நடத்தத் தொடங்கினார். அதற்கு வழங்கிய "ஆகாசவாணி" என்னும் பெயரே பின்னாளில் நாடு முழுவதற்குமான வானொலியின் பெயராயிற்று. இன்றோ மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் அச்சுச் சுற்றுப்பலகைகள் செய்யும் ஆலை இருக்கிறது. அப்பலகைகளில் உறுப்புகளைப் பொருத்திக் கருவிகளாக ஆக்கும் கெய்ன்ஸ் டெக்னாலஜி போன்ற நிறுவனம் மைசூரிலேயே 1988 முதல் இயங்குகிறது. 1946-இல் தோன்றிய தேசியப் பொறியியல் நிறுவனமும், 1963-இல் தோன்றிய ஜெயசாமராஜேந்திரர் பொறியியல் கல்லூரியும் உள்ள இந்நகரில், பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இத்துறையில் ஈடுபடுவது இயல்பே. அப்பிள்ளைகளின் மேசையில் உள்ளங்கை அளவில் ஒரு பலகை கிடப்பதைப் பெற்றோர் பார்த்திருப்பார்கள். நீல நிறத்திலோ பச்சை நிறத்திலோ இருக்கும். நடுவே கரிய பூச்சியைப் போல் ஒரு சில்லு. ஓரங்களில் கம்பி செருகத் துளைகள். அச்சில்லின் பெயர் நுண்கட்டுப்படுத்தி, வழக்கில் மைக்ரோகண்ட்ரோலர். கணிப்பொறிக்கு வேண்டிய அனைத்தும், அதாவது கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு தொடர்பு கொள்ளும் வாயில்கள் ஆகிய யாவும், அந்த ஒரே சில்லுக்குள் அடங்கியிருக்கின்றன.

"லைப்ரரி ஏற்ற வேண்டும்; ஏற மாட்டேன் என்கிறது" என்று பிள்ளை முணுமுணுக்கும்போது என்ன நேர்கிறது என்பதை அறிய வேண்டுமானால், கேம்பிரிட்ஜ் நகருக்கு, 1949-ஆம் ஆண்டிற்குச் செல்ல வேண்டும்.

அந்த ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள், கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணிப்பொறி தன் முதற்கணக்கைச் செய்து முடித்தது. மாரிஸ் வில்க்ஸ் என்பவர் அதனைக் கட்டிய குழுவின் தலைவர். சுமார் 3,000 வால்வுகள் கொண்ட அந்தப் பொறி ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டிருந்தது. பாதரசம் நிரப்பிய நீண்ட குழாய்களில் ஒலியலைகளை ஓடவிட்டு, அந்த ஓட்டத்தையே நினைவாகக் கொண்டார்கள். வியப்பான ஏற்பாடுதான். தொடக்கத்தில் அந்நினைவகம் 512 சொற்களைக் கொண்டது. பின்னர் 1,024 சொற்களாகப் பெருகியது. சொல் ஒன்றுக்குப் பயன்படுவன 17 இருமக்கூறுகள். இக்காலத்துப் பைட் கணக்கில் சொன்னால் முழு நினைவகமும் 2,176 பைட்டுகள். இந்த எண்ணை நேயர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

பொறி ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே வில்க்ஸ் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். நிரல் எழுதுவதைக் காட்டிலும் எழுதிய நிரலில் உள்ள பிழைகளைத் தேடுவதே பெரும்பாடு. தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி அதிலேயே கழியப் போகிறது! மாடிப்படியில் ஏறிச் செல்லும்போது இந்த எண்ணம் தம்மைத் தாக்கியதாக அவர் தம் வாழ்க்கைக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். பிழை தேடும் துன்பத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. வர்க்கமூலம் காண்பதற்கு ஒருவர் எழுதிய நிரல் பிழையின்றி வேலை செய்யுமானால், அதே கணக்கை மற்றவரும் புதிதாக எழுதிப் பிழைபட வேண்டியதில்லை, அதனையே எடுத்துக்கொள்ளலாம். இத்தகைய சிறு நிரலைத் துணைநிரல் என்பர்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. செய்வதில் இரண்டு இடையூறுகள் இருந்தன. நினைவகம் என்பது வரிசையாக எண்ணிட்ட வீடுகளைக் கொண்ட தெரு என்று கொள்ளுங்கள். நிரலின் ஒவ்வொரு கட்டளையும் ஒவ்வொரு வீட்டில் குடியிருக்கும்; "இருபதாம் வீட்டிலுள்ள எண்ணை எடு", "ஐந்தாம் வீட்டுக்குப் போ" என்று வீட்டு எண்ணைச் சொல்லியே கட்டளைகள் அமையும். ஒரு துணைநிரலை முதல் வீட்டிலிருந்து குடியமர்த்தி எழுதிவிட்டால், அதனை வேறொருவர் நூறாம் வீட்டிலிருந்து குடியமர்த்த விரும்பும்போது உள்ளேயுள்ள எண்கள் எல்லாம் பொய்யாகிவிடும். இது முதல் இடையூறு. துணைநிரல் தன் வேலையை முடித்த பின்னர், தன்னை அழைத்த இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும், அழைப்பவரோ பலர், யாரிடம் திரும்புவது என்பது அதற்கு எப்படித் தெரியும்? இது இரண்டாவது.

இரண்டையும் தீர்த்தவர் டேவிட் வீலர் என்னும் ஆராய்ச்சி மாணவர். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. பொறியைத் தொடங்கியவுடன் தாமாக ஓடும் "தொடக்கக் கட்டளைகள்" என்று சில இருந்தன. தொலைபேசி நிலையங்களில் பயன்படும் சுழல் சாவிகளில் அவற்றைக் கம்பியாலேயே நிலையாக அமைத்திருந்தார்கள். மே மாதத்தில் 31 கட்டளைகளாக இருந்த அவற்றை வீலர் திருத்தி, 1949 செப்டம்பரில் 41 கட்டளைகளாக அமைத்தார். துளையிட்ட தாள் நாடாவிலிருந்து துணைநிரலைப் படித்து ஏற்றும்போதே, அது குடியேறும் வீட்டின் எண்ணை உட்கட்டளைகளோடு கூட்டிச் சரிசெய்யும் வேலை அந்த 41 கட்டளைகளுக்குள் அடங்கிவிட்டது. எந்த எண்ணுள்ள வீட்டில் வைத்தாலும் துணைநிரல் வாழக் கற்றுக்கொண்டது. திரும்பும் வழிக்கும் அவர் ஓர் உபாயம் கண்டார். அழைக்கும் நிரல் தான் புறப்பட்ட இடத்தின் முகவரியைக் கையில் கொடுத்து அனுப்பும்; துணைநிரல் முதல் வேலையாக அம்முகவரியைக் கொண்டு தன் கடைசிக் கட்டளையைத் திருத்தி எழுதிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அக்கட்டளை அதனைப் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுபோய் விடும். இதனை இன்றும் "வீலர் பாய்ச்சல்" என்று வழங்குகிறார்கள். எந்த ஊரில் குடியமர்ந்தாலும் பிழைக்க வேண்டும், வந்த வழியையும் மறக்கக்கூடாது என்னும் இந்த ஏற்பாடு, தமிழ்நாட்டைவிட்டு வந்து வாழும் நமக்கு விளக்கம் தேவைப்படாத செய்தி.

இதன்பின் கேம்பிரிட்ஜில் ஓர் எஃகு அலமாரி வந்து சேர்ந்தது. துணைநிரல் ஒவ்வொன்றும் ஒரு சிறு தாள் நாடாவாக அதில் இருந்தது. வகைக்கு ஓர் ஆங்கில எழுத்து: அச்சிடுவனவற்றுக்குப் பி, மடக்கைக்கு எல் என்பது போல. வேண்டுவோர் நாடாவை எடுத்து, பொறியின் உதவியால் தம் நிரல் நாடாவிலே அதன் துளைகளைப் படியெடுத்துக்கொண்டு, மூல நாடாவை இருந்த இடத்தில் வைத்துவிட வேண்டும். நிரல் நூலகத்தை "நிறுவுதல்" என்று இன்று சொல்லும் செயலின் முதல் உருவம் இதுவே. ஏடெழுதுவோர் மூல ஏட்டைப் பார்த்துப் படியெடுத்துக்கொண்டு, மூலத்தைத் திரும்ப ஒப்படைத்த பழைய முறையிலிருந்து இது எவ்வளவும் மாறவில்லை. 1951-இல் அந்த அலமாரியில் 87 துணைநிரல்கள் இருந்தன. அதே ஆண்டில் வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் சேர்ந்து அத்துணைநிரல்களையும் அவற்றைப் பயன்படுத்தும் முறையையும் நூலாக வெளியிட்டார்கள். நிரல் எழுதும் கலையைப் பற்றிய முதல் நூல் அதுவேயென்பர். அதன் பயனாய்த் தம் அலமாரியை உலகத்தாருக்கு முழுவதும் திறந்து வைத்தார்கள் எனலாம். புரதத்தின் வடிவை ஆராய்ந்து 1962-இல் நோபெல் பரிசு பெற்ற ஜான் கெண்ட்ரூ, தம் கணக்குகளுக்கு எட்சாக்கைப் பயன்படுத்தியவர்களுள் ஒருவர்.

நம் நாட்டிலும் இம்முயற்சி பிந்திவிடவில்லை. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். நரசிம்மன் தலைமையில் உருவான டிஃப்ராக் 1960-இல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. 2,700 வால்வுகள், 40 இருமக்கூறுகள் கொண்ட 2,048 சொற்கள், அதாவது 10,240 பைட்டுகள் நினைவு. சென்னையில் பிறந்த நரசிம்மன் அவர்களின் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று நான் சில வேளைகளில் எண்ணுவதுண்டு.

அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் பொறிகள் சுருங்கின, நினைவகம் பெருகியது. சிக்கனத்தின் தேவை குறைந்தது. ஆனால் 1970-களில் ஒரே சில்லுக்குள் கணிப்பொறி முழுவதையும் அடக்கும் முயற்சி வெற்றி பெற்றபோது, பழைய நெருக்கடி புதிய உருவில் திரும்பி வந்தது. துணி துவைக்கும் பொறியிலும் பொம்மையிலும் வைக்கும் சில்லுக்கு நினைவகம் மிகுதியாக வைத்தால் விலை கட்டுபடியாகாது. அச்சில்லுக்கு நிரல் எழுதுவதோ பயிற்சி பெற்ற பொறியாளர்க்கே கைவந்த வித்தையாக நெடுங்காலம் இருந்தது.

அந்தக் கதவைத் திறந்தது இத்தாலி நாட்டு ஈவ்ரியா என்னும் சிற்றூர். ஒலிவெட்டி தட்டச்சுப் பொறிகள் பிறந்த ஊர் அது. நம் பழைய அலுவலகங்களில் பணியாற்றியோர்க்கு அப்பெயர் தெரிந்திருக்கும். அங்கு வடிவமைப்புக் கலை பயிற்றும் ஒரு நிலையம் இருந்தது. கொலம்பியா நாட்டிலிருந்து அங்கு வந்து பயின்ற எர்னாண்டோ பராகன் என்னும் மாணவர், 2003-இல் தம் பட்ட ஆய்வுக்காக வயரிங் என்னும் ஏற்பாட்டை உருவாக்கினார். ஓவியரும் சிற்பியரும்கூடச் சில்லுக்கு நிரல் எழுத வேண்டும் என்பது அவர் நோக்கம். விளக்கை ஏற்றுவதற்குச் சில்லின் உள்ளமைப்பை அறிந்திருக்க வேண்டியதில்லை. "இந்தக் காலில் மின்சாரம் வை" என்னும் பொருளுடைய ஓர் எளிய கட்டளை போதும். கடினமான வேலை எல்லாம் அக்கட்டளைக்குப் பின்னால் நூலகத்தில் ஒளிந்திருக்கும். அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டியவர்களுள் மாசிமோ பான்சி ஒருவர். 2005-இல் பான்சியும் டேவிட் குவார்த்தியேஸ், டேவிட் மெல்லிஸ் முதலியோரும் சேர்ந்து, வயரிங் நிரல்களை அடிப்படையாகக் கொண்டு, இன்னும் விலை குறைந்த சில்லுக்கு ஏற்ற ஒரு பலகையை வெளியிட்டனர். அவர்கள் வழக்கமாகச் சென்று அமரும் கடையின் பெயரை அதற்கு இட்டார்கள். அக்கடைக்கோ ஈவ்ரியாவைச் சேர்ந்த பழைய மன்னன் ஒருவனின் பெயர். அதுவே ஆர்டுவினோ.

பலகையின் படமும் நிரலும் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டன. ஆதலால் உலகெங்கும் அதனைச் செய்தார்கள், விற்றார்கள், கற்றார்கள். பராகன் அந்தக் குழுவில் இடம்பெறவில்லை. தம் நிரலை எடுத்துக்கொண்டதில் அவருக்குச் சட்ட வழக்கு எதுவும் இல்லை; எடுத்துக்கொள்ளலாம் என்றே அவரும் வெளியிட்டிருந்தார். ஆயினும் ஆர்டுவினோவின் பிறப்பைச் சொல்லும்போது தம் பங்கு உரிய அளவில் சொல்லப்படவில்லை என்று 2016-இல் அவர் விரிவாக எழுதினார். அதனைப் படித்தபோது எனக்குத் தஞ்சைப் பண்டிதரின் நினைவு வந்தது. இரவல் கொடுப்பதற்கு விலை இல்லை. ஆனால் பெயர் சொல்வது எடுத்துக்கொண்டவரின் கடன் என்பது என் கருத்து. வயரிங் என்னும் பெயர் ஆர்டுவினோவின் ஏடுகளில் குறிக்கப்பெற்றிருக்கிறது என்பதையும் நடுநிலை கருதிச் சொல்லிவிடுகிறேன். குறிப்பதும் கதையாகச் சொல்வதும் ஒன்றல்ல.

இனி, மேசையின்மேல் கிடக்கும் பலகைக்கு வருவோம். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மிகுதியாகக் காணப்படும் ஆர்டுவினோ ஊனோ பலகையின் சில்லில், நிரலை நிலையாக வைக்க 32 கிலோபைட் இடமும், ஓடும்போது எண்களை வைத்துக்கொள்ள 2,048 பைட் நினைவகமும் உள்ளன. எட்சாக்கின் 2,176 பைட்டை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அறை நிறைந்த பொறிக்கு இருந்த அதே நினைவுதான் இன்று விரல்நுனிப் பொருளில் இருக்கிறது. ஆகவே அன்றிருந்த அதே நெருக்கடியும் இருக்கிறது.

மாணவி ஒருத்தி, காற்றின் வெப்பத்தை அளந்து, சிறு திரையில் காட்டி, நினைவட்டையில் பதிந்துவைக்கும் கருவி ஒன்று செய்ய முற்படுகிறாள் என்று கொள்வோம். திரைக்கு ஒரு நூலகம், நினைவட்டைக்கு ஒரு நூலகம், வெப்பமானிக்கு ஒரு நூலகம் தேவை. 2015-ஆம் ஆண்டுக்கு முன்னர், சுருக்கிக் கட்டிய கோப்பை இறக்கி, பிரித்து, உரிய அடைவில் தன் கையாலேயே வைக்க வேண்டியிருந்தது. பெயரில் ஒரு குறி மாறினாலும் கணிப்பொறி கண்டுகொள்ளாது. அவ்வாண்டு ஆர்டுவினோ மென்பொருளிலேயே ஒரு நூலக மேலாளரைச் சேர்த்தார்கள். பெயரைத் தேடி, பதிப்பைத் தேர்ந்து, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கேம்பிரிட்ஜ் அலமாரியின் 87 நாடாக்கள் இன்று பல ஆயிரம் நூலகங்களாகப் பெருகிவிட்டன.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் நூலகம் பலகைக்குள் போய்விடுவதில்லை, கணிப்பொறியில்தான் தங்குகிறது. மாணவி எழுதிய நிரலையும், நூலகத்தில் அதற்கு வேண்டிய பகுதிகளையும் தொகுப்பி என்னும் மென்பொருள் ஒன்றாக இணைத்து, சில்லின் மொழிக்கு மாற்றுகிறது. அந்தச் சாரம் மட்டுமே கம்பி வழியாகப் பலகையைச் சேர்கிறது. வேறு முறையும் உண்டு. ஆஸ்திரேலியரான டேமியன் ஜார்ஜ், 2013-இல் கேம்பிரிட்ஜில் இருந்தபோது தொடங்கிய மைக்ரோபைதான் என்னும் மொழியில், நூலகக் கோப்புகளே பலகையின் நினைவகத்தில் ஓர் அடைவில் சென்று தங்குகின்றன; சில்லே அவற்றைப் படித்துப் பொருள் கொள்கிறது. அதற்குச் சற்றுப் பெரிய சில்லு வேண்டும். 2021-இல் வந்த ராஸ்பெரி பை பீகோ பலகையில் 264 கிலோபைட் நினைவகம் இருப்பதால் அங்கே அது கைகூடுகிறது.

ஊனோவில் மாணவியின் கணக்கைப் பார்ப்போம். அகலத்தில் 128 புள்ளியும் உயரத்தில் 64 புள்ளியும் கொண்ட சிறு ஒளித்திரையின் படத்தைப் பெரும்பாலான நூலகங்கள் நினைவகத்திலேயே வரைந்து பின்னர் அனுப்புகின்றன. அதற்கு 1,024 பைட் வேண்டும். நினைவட்டை நூலகம் 512 பைட்டைத் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும். எஞ்சுவது 512. அதில்தான் மற்றெல்லாம். நூலகங்கள் தனித்தனியே நன்றாக ஓடும். சேர்த்தால் திரை இருண்டு நிற்கும். பிழைச்செய்தி ஒன்றும் வாராது. மூன்று நாள் நிரலைத் திருத்திப் பார்த்துவிட்டு, குற்றம் தன்மேல் என்று மாணவி நம்பிவிடுவாள். உண்மையில் வீட்டில் இடம் போதவில்லை, அவ்வளவே. வேறொரு வகைச் சச்சரவும் உண்டு. ஊனோவில் சிறு சுழலியை இயக்கும் சர்வோ நூலகத்தைச் சேர்த்தவுடன், 9, 10 ஆகிய இரு கால்களில் விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வசதி நின்றுவிடும். சில்லுக்குள் இருக்கும் ஒரு கடிகாரத்தையே இரண்டும் நம்பியிருப்பதால் இது நேர்கிறது. கூட்டுக்குடித்தனத்தில் ஒரே கிணறு.

பலகை மாறினால் அடித்தளமும் மாறும். ஒரு சில்லுக்கென எழுதிய நூலகம் மற்றொன்றில் ஓடுவதற்கு, அச்சில்லைச் செய்தவரோ பிறரோ கீழ்ப்படையை எழுதித் தர வேண்டும். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் வடிவமைத்த தேஜஸ்32 என்னும் சில்லைக் கொண்ட ஏரீஸ் பலகைக்கு அவ்வாறு ஆர்டுவினோ வழியைத் திறந்து கொடுத்திருக்கிறார்கள். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடி அவர்களின் குழு சக்தி என்னும் செயலிகளை உருவாக்கி, அவற்றின் வடிவத்தையும் எல்லோர்க்கும் வெளியிட்டிருக்கிறது. சில்லு செய்வதில் பாதி வேலைதான் முடிகிறது. நூலகங்கள் வந்து சேர்ந்தால்தான் பிள்ளைகள் அதனைத் தொடுவார்கள்.

பல ஆயிரம் நூலகங்கள் என்றேன். தமிழில் ஒரு சொல்லைச் சிறு திரையில் காட்ட முற்படுவோர்க்கு அந்தச் செல்வம் சட்டென்று சுருங்கிவிடும். கற்போர் முதலில் வாங்கும் இரண்டு வரித் திரை பெரும்பாலும் ஜப்பானிய ஹிட்டாச்சி நிறுவனம் வகுத்த முறையில் இயங்குவது. ஆங்கில எழுத்துகள் அதனுள்ளேயே இருக்கின்றன. பரவலாக விற்கும் ஒரு வகையில் ஜப்பானிய எழுத்துகளும் இருக்கின்றன. செய்தவர் தம் மொழியை மறக்கவில்லை; அதில் குறை காண இடமில்லை. நாமாக வரைந்து சேர்ப்பதற்கு எட்டே இடங்கள் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஐந்து புள்ளி அகலம், எட்டுப் புள்ளி உயரம். 247 எழுத்துகளை உடைய மொழியை அந்த எட்டு அறைகளில் எவ்வாறு குடியமர்த்துவது?

புள்ளிகளால் ஆன ஒளித்திரையில் இடர் வேறு. "மைசூர்" என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடு முறையில் அது மகரம், ஐகாரக் குறி, சகரம், ஊகாரக் குறி, ரகரம், புள்ளி என ஆறு குறியீடுகள்; வழக்கமான பதிவுமுறையில் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டாகப் பதினெட்டு பைட். ஐகாரக் குறி சேமிப்பில் மகரத்துக்குப் பின்னே நிற்கிறது. திரையிலோ முன்னே வர வேண்டும். ஒகர, ஓகாரக் குறிகள் இரண்டாகப் பிளந்து எழுத்தின் இருபுறமும் நிற்கும். ஆங்கிலத்தை எண்ணி எழுதிய நூலகம் இவற்றை அறியாது. வந்த வரிசையிலேயே வைத்துவிடும். அதனால்தான் சிறு திரைகளில் தமிழ் சிதைந்து தோன்றுகிறது.

இது தீராத நோய் அன்று என்பதைக் கணக்கே காட்டும். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளியுள்ள மெய் 18, இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் நான்கிலும் 72, தனித்து நிற்கும் குறிகள் 4. மொத்தம் 125 வடிவங்கள். ஒன்றுக்குப் பதினாறுக்குப் பதினாறு புள்ளி என்றால் 32 பைட். ஆக 4,000 பைட். அகன்ற எழுத்துகளுக்கும் கிரந்த எழுத்துகளுக்கும் இன்னும் சற்றுக் கூடும். ஊனோவின் 32 கிலோபைட்டில் இது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. 1978-இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதால், ணா, றா, னா, லை, ளை போன்ற 13 எழுத்துகளின் பழைய விதிவிலக்குகளும் நீங்கிவிட்டன; நிரல் எழுதுவோர்க்கு அஃது எதிர்பாராத உதவி. மைசூரிலேயே 1969 முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. செம்மொழித் தமிழுக்கான உயராய்வுப் பணிகள் அதன் கூரையின்கீழ்த் தொடங்கித்தான் 2008-இல் சென்னைக்குப் பெயர்ந்தன. மொழியறிந்தோரும் சில்லறிந்தோரும் சில கல் தொலைவுக்குள் வாழும் ஊர் இது. வரிசை மாற்றும் விதிகளை ஒருவர் சொல்ல, மற்றொருவர் நிரலாக்க, ஒரு கோடை விடுமுறை போதுமான வேலை.

அவ்வாறு செய்ய முற்படுவோர்க்கு ஒரு நடைமுறைச் செய்தி. ஆர்டுவினோ நூலக மேலாளர் ஏற்றுக்கொள்வதற்கு, நூலகத்தோடு ஒரு சிறு விவரக் கோப்பை வைக்க வேண்டும். நூலகத்தின் பெயர், பதிப்பு எண், எழுதியவர், பேணுபவர் ஆகியவற்றுக்குத் தனித்தனி வரிகள் அதில் உண்டு. நூலகத்தின் பெயரை ஆங்கில எழுத்தும் எண்ணும் கொண்டே எழுத வேண்டும் என்பது விதி. எழுதியவர் பெயருக்கு அந்த விதி இல்லை. கோப்பு யூனிகோடு முறையில் அமைவதால், அந்த வரியைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம்.